வெற்றியை நினைவுகூர்தல்: ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றாலே அச்சில் வந்த நூல்களை எடுத்து எடைபோடுவது என்று நாம் பழகிவிட்டோம். மக்கள் வாயினால் படைத்து, வாயினாலேயே காத்து, அடுத்த தலைமுறையின் செவியில் சேர்க்கின்ற எத்தனையோ படைப்புகள் நம் பார்வைக்குப் புறத்தே நின்றுவிடுகின்றன. நாட்டார் பாடலுக்கும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் ஆய்வாளர் கிடைத்தனர். விளையாட்டு வெற்றியைப் பற்றிய நினைவுரைக்கு இன்னும் கிடைத்தபாடில்லை.

நம் குமரி மாவட்டத்தில் இதன் செல்வாக்கை யாரும் மறுக்க முடியாது. நீரோடி தொடங்கி இரையுமன்துறை வரை வரிசையாய் அமைந்த தூத்தூர் வட்டாரத்தின் எட்டு ஊர்களிலும் கால்பந்து வெறும் பொழுதுபோக்கன்று. ஊர்த் திருவிழாவைப்போல, கடலுக்குப் போவதைப்போல அது வாழ்வின் ஒரு கூறு. மறைமாவட்ட எல்லைப்படி அவ்வூர்கள் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. எனினும் மண்ணாலும் மொழியாலும் அவை நம்முடையவை. அங்கும், கோட்டாறு மறைமாவட்டக் கடலோரத்திலும், வலை பின்னும் நிழலில் அமர்ந்து பழைய ஆட்டங்களைச் சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்களை எவரும் காணலாம். அவர்கள் சொல்வதும் ஓர் இலக்கியமே. அந்த இலக்கியத்தின் இயல்பு என்ன? அதன் உயர்வு எது, குறை எது? நம்பிக்கை கொண்ட மக்களாகிய நாம் அதனை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும்? இவற்றை ஆராய, இந்திய மண்ணில் இவ்வகை நினைவுரைகளுக்கெல்லாம் தாய் எனத்தக்க ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1911: நிகழ்ந்தது

1911 ஜூலை 29ஆம் நாள், கல்கத்தா மைதானம். ஐ.எஃப்.ஏ. கேடயத்துக்கான இறுதி ஆட்டம். ஒருபுறம் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்னும் ஆங்கிலப் படைப்பிரிவின் அணி. மறுபுறம் 1889இல் தோன்றிய மோகன் பகான் என்னும் வங்காளியர் சங்கம். அதன் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். முதலில் கோல் அடித்தவர் படைவீரர் ஜாக்சன். ஆட்டம் முடியும் தறுவாயில் அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார்; இறுதி நிமிடங்களில் அபிலாஷ் கோஷ் இரண்டாம் கோலை அடித்தார். 2-1 என்ற கணக்கில் கேடயம் முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது.

அன்று திரண்ட கூட்டம் அறுபதாயிரத்துக்கும் மேல் என்பர். ஆடுகளத்தைக் கண்ணால் காண முடியாத பல்லாயிரவர்க்குக் கோல் கணக்கைத் தெரிவிக்கக் காற்றாடி பறக்கவிட்டனர் என்பது அந்நாளின் அழகிய செய்தி.

இதில் நாம் தனியே கருதத்தக்க இரு சிறு குறிப்புகள் உண்டு. கேடயப் போட்டியின் முதற் சுற்றில் மோகன் பகானிடம் 3-0 என்று தோற்ற அணி, நம் கோட்டாற்றுப் பேராலயத்தின் பாதுகாவலரான புனித சவேரியாரின் பெயரைத் தாங்கியது. பூட்ஸ் அணிந்து ஆடிய அந்த ஒரே வங்காளியான சுதீர் சட்டர்ஜி ஒரு கிறித்தவர். பவானிப்பூரில் லண்டன் மிஷன் சங்கத்தாரின் கல்லூரியில் ஆசிரியர். பின்னாளில் குருத்துவ ஊழியம் ஏற்றவர். மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் பள்ளிகளை நிறுவிய அதே சங்கம்தான் அது. நாட்டின் வெற்றி என்று போற்றப்படும் நிகழ்ச்சியில், அந்நிய சமயத்தான் என்று அயலார் ஐயுற்ற ஒருவனும் தோள் கொடுத்து நின்றான் என்பதை நாம் நினைவில் இருத்துவது தகும்.

சொல்லப்படும் முறை

நிகழ்ந்தது ஒரு மாலைப் பொழுதின் ஆட்டம். சொல்லப்படுவதோ ஒரு காப்பியம். இவ்விரண்டுக்கும் இடையே நடக்கும் வேலையே படைப்பு.

இந்நினைவுரைகளுக்கு ஒரு நிலையான கட்டமைப்பு உண்டு. முதலில் எளிமையின் வருணனை: வெறுங்கால், கந்தல் சீருடை, காசில்லாப் பயணம். அடுத்து எதிரியின் வலிமை. பிறகு எதிரி முதற் கோலை அடித்தாக வேண்டும். அதுவின்றிக் கதைக்குச் சுவையில்லை. பின் காலம் குறுகுகிறது. கடைசி நிமிடத்தில் வானம் திறக்கிறது. இறுதியாக ஒரு முன்னறிவிப்பு. நம் ஊர்ப் போட்டிகளைப் பற்றிய கதைகளும் ஏறத்தாழ இதே வரிசையில் நடப்பதைக் கூர்ந்து கேட்போர் உணர்வர்.

தமிழிலக்கியம் கற்றோர்க்கு இங்கே பரணி நினைவுக்கு வரும். போரில் வென்ற பெருவீரனைப் பாடுவது பரணி. ஆயினும் அந்நூல் தோற்றவர் பெயரால் வழங்குவது மரபு. கலிங்கம் தோற்றது, நூல் கலிங்கத்துப்பரணி ஆயிற்று. இதில் ஆழ்ந்த உண்மை ஒன்று அடங்கியுள்ளது: வெற்றியின் அளவை நிறுவுபவன் தோற்றவனே. கிழக்கு யார்க்ஷயர் அணியின் பெயர் இன்றும் நம் நாட்டில் உச்சரிக்கப்படுவது அது தோற்ற ஓர் ஆட்டத்தினால்தான். நல்ல நினைவுரையாளர் எதிரியை இழித்துப் பேசுவதில்லை. இழித்தால் தம் வெற்றியே சிறுக்கும் என்பதை அவர் அறிவார். எதிரணியின் கோல் காப்பாளரைப் பற்றி நம் கடற்கரைப் பெரியவர்கள் பேசும்போது அவர்தம் குரலில் தொனிக்கும் மதிப்பை நாம் இவ்வாறே விளங்கிக்கொள்கிறோம். இது இவ்விலக்கியத்தின் முதல் உயர்வு.

இரண்டாவது உயர்வு, இது தனிமனிதனின் சொத்தாக இருப்பதில்லை என்பது. ஒருவர் தொடங்க, மற்றவர் திருத்த, மூன்றாமவர் முடிக்கிறார். பந்து யார் காலிலிருந்து யார் காலுக்குப் போயிற்று என்பதில் வழக்கு எழுகிறது. வழக்கின் நடுவே இறந்துபோன ஆட்டக்காரர் ஒருவரின் பெயர் வருகிறது. எல்லோரும் ஒரு கணம் அடங்குகின்றனர். நடுகல் நட்ட நம் முன்னோர் செய்ததும் இதுவே. மைதானத்தைவிட்டு எப்போதோ போனவர்கள் பேச்சில் மீண்டும் களமிறங்குகின்றனர்.

முன்னறிவிப்புக்கு வருவோம். 1911 ஆட்டம் முடிந்தபின் முதியவர் ஒருவர் கோட்டையின்மேல் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் காட்டி, அது இறங்குவது எப்போது என்று கேட்டதாகவும், மோகன் பகான் மறுமுறை கேடயம் வெல்லும்போது என்று விடை வந்ததாகவும் ஒரு கதை உண்டு. அச்சங்கம் இரண்டாம் முறை ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது 1947இல். கேட்பவர்க்கு மெய் சிலிர்க்கும். ஆனால் தானியேல் நூலை முறையாகக் கற்றவர்கள், நிகழ்ந்து முடிந்ததை முன்னறிவித்ததுபோல் எழுதும் இலக்கிய மரபொன்று உண்டென்பதை அறிவர். இக்கதையும் அவ்வகையினதே என்று நாம் கருதுகிறோம். அதுபோலவே, 1905இல் பிளவுண்ட வங்காளம் 1911 டிசம்பரில் மீண்டும் இணைக்கப்பட்டதையும் தலைநகர் தில்லிக்குப் போனதையும் இந்த இரு கோல்களோடு முடிச்சுப் போடுவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். எனினும் இவற்றைப் பொய்யென்று ஒதுக்குவது நல்ல திறனாய்வாகாது. ஒரு மக்களினம் எதை ஏங்கி நின்றது என்பதைக் கோல் கணக்கு சொல்லாது. இத்தகைய கதைதான் சொல்லும்.

சொல்லாமல் விட்டவை

உயர்வைக் கூறினோம், இனிக் குறையையும் கூறுவது கடன்.

வெற்றியை நினைவுகூர்வோர் முதலில் மறப்பது முன்னோடிகளை. ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றை இந்தியர் அணி வென்றது 1911இல் முதன்முறையன்று. 1892இலேயே டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் சோவாபஜார் சங்கம் கிழக்கு சர்ரே ரெஜிமென்டைத் தோற்கடித்திருந்தது. அவ்வணியின் ஆட்டக்காரர் பெயர்களை இன்று யார் சொல்கிறார்கள்?

விவிலியத்திலும் இதற்கோர் ஒப்புமை காண்கிறோம். கோலியாத்தை வீழ்த்தியவர் தாவீது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் சாமுவேல் இரண்டாம் நூலின் 21ஆம் அதிகாரம் பெத்லகேமைச் சேர்ந்த எல்கானான் என்பவர் கோலியாத்தைக் கொன்றதாகக் கூறுகிறது. குறிப்பேடு முதல் நூலோ அவர் கொன்றது கோலியாத்தின் சகோதரனை என்கிறது. இம்முரணுக்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். நமக்கு இங்கே வேண்டுவது ஒன்றே: மக்கள் நினைவு பலருடைய வீரத்தை ஒருவர் பெயரில் சேர்க்கும் இயல்புடையது. எளியவன் வலியவனை வென்ற கதையைச் சொல்லும்போதெல்லாம் தாவீதை இழுத்துவரும் நாம், எல்கானானுக்கும் ஓர் இடம் வைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக மறக்கப்படுவது தோல்வியின் நீளம். 1911க்கும் 1947க்கும் இடையே 36 ஆண்டுகள். அந்த இடைவெளியில் எத்தனை தலைமுறை ஆட்டக்காரர்கள் ஆடி ஓய்ந்தனர்! நினைவுரை அவர்கள் எல்லோரையும் ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. மூன்றாவது, பெண்கள். 2018 பிப்ரவரியில் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், அத்துறையில் அசைக்க முடியாத மணிப்பூர் அணியைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்று வென்றனர். வலியவரை எளியவர் வென்ற கதைக்குரிய எல்லா இலக்கணமும் அதற்கு உண்டு. ஆயினும் நம் திண்ணைகளில் அக்கதை எத்தனை முறை சொல்லப்பட்டது? நினைவுரை ஆடவர் கூடும் இடத்தில் பிறந்தது. அவ்விடத்தின் எல்லையே அதன் எல்லையாகிவிட்டது.

நான்காவதே எல்லாவற்றிலும் பெரிய குறை. வெறுங்காலுடன் வென்ற சங்கம் பிற்காலத்தில் நாட்டின் மிகப் பெரிய, செல்வாக்கு மிக்க சங்கங்களுள் ஒன்றாயிற்று. 2020இல் பெருமுதலாளியின் ஏ.டி.கே. நிறுவனத்தோடு இணைந்தது. ஆனால் கதையில் மட்டும் அது என்றும் வெறுங்காலுடனேயே நிற்கிறது. எளியவனாய் இருந்த நினைவு வலியவனின் கழுத்தில் அணிகலனாகத் தொங்கத் தொடங்கும்போது, அந்நினைவின் அறம் போய்விடுகிறது. இன்று வெறுங்காலுடன் எதிரே நிற்பவனை அது காணாது.

நம் கரையில்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2016-17இல் ஐ-லீக் போட்டிக்குள் நுழைந்த சென்னை சிட்டி அணி முதல் இரு பருவங்களிலும் பட்டியலின் பின்பகுதியிலேயே கிடந்தது. 2018-19 பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியளிக்க, ஸ்பெயின் நாட்டு ஆட்டக்காரர் சிலரும் தமிழகத்து இளைஞர் பலருமாக அது எழுந்து நின்றது. 2019 மார்ச் 9ஆம் நாள் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் இறுதி ஆட்டம். மினர்வா பஞ்சாப் அணி தொடக்கத்திலேயே கோல் அடித்தது. கதையின் இலக்கணம் இங்கும் தவறவில்லை. பெத்ரோ மன்சியின் பெனால்டி கோலும் கௌரவ் போராவின் இரு கோல்களும் ஆட்டத்தை 3-1 என்று முடித்தன. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றபோதும் 42 புள்ளிகளோடு நின்றுவிட்டது. சென்னைக்கு 43. ஒரே ஒரு புள்ளி! தமிழகத்து அணி ஒன்று ஐ-லீக் பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை.

அது சுற்றுமுறைப் போட்டியேயன்றிக் கேடயப் போட்டியன்று என்று இலக்கணம் பேசுவார் பேசட்டும். நம் கடற்கரைக்கு அது கேடயத்தினும் பெரிது. இரவிபுத்தன்துறைச் சகோதரர் மைக்கேல் சூசைராஜும் மைக்கேல் ரெஜினும் அச்சென்னை அணியில் ஆடி வளர்ந்தவர்களே.

அவ்வணியின் கதையைச் சொல்வோர் அதற்கு முந்திய பருவத்தையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் அப்பருவத்தின் ஐ-லீக் தொடங்கி ஒரு வாரம்கூட முடியவில்லை. ஒக்கிப் புயல் வந்தது. வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் தூத்தூரிலும் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. பந்து உருண்ட அதே மணற்பரப்பில் மக்கள் நாள் கணக்கில் கடலைப் பார்த்து நின்றனர். கால்பந்தின் வெற்றிக் கதைக்குள் இந்தப் பக்கத்துக்கு இடமில்லை என்போர், கதையின் வேரையே அறுக்கின்றனர். எந்தக் கரையிலிருந்து எழுந்து வந்தனர் என்று தெரியாமல், எழுந்ததன் உயரத்தை எவ்வாறு அளப்பது?

பின்கதையும் உண்டு. சூசைராஜ் பின்னர் ஜாம்ஷெட்பூருக்கும் அங்கிருந்து கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் போனார். இரு சங்கங்களும் இணைந்தபின், 1911இன் பச்சை-செம்பழுப்பு வண்ணச் சீருடை இரவிபுத்தன்துறை இளைஞர் ஒருவரின் தோளில் ஏறியது. 2020 நவம்பர் 20ஆம் நாள் அச்சீருடையில் முதல் ஆட்டம். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் முழங்காலில் பலத்த காயம். அவருக்கு அப்பருவமே முடிந்துபோயிற்று. பட்டம் வென்ற சென்னை சிட்டியோ 2021க்குப் பின் ஐ-லீக் போட்டியில் இல்லாமற்போயிற்று. வெற்றி பெற்று மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் வென்ற அணி இல்லை. வென்ற நினைவு மட்டும் இருக்கிறது.

இதனைச் சோகம் என்று கூறி முடித்துவிட நாம் விரும்பவில்லை. ஒரு சங்கத்தின் ஆயுள் பணம் போடுபவரின் விருப்பத்தைப் பொறுத்திருக்கும் காலம் இது. அப்படியானால் நினைவைக் காக்கும் பொறுப்பு யாரிடம் வந்து சேர்கிறது? அணியிடம் அன்று, ஊரிடம்.

எந்த அளவுகோல்?

நினைவுகூர்தல் நம் மறையின் நடுநாடி. இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் இட்ட கட்டளைகளுள் நினைவில் வைத்திரு என்பது திரும்பத் திரும்ப வருவது. ஆனால் இணைச்சட்ட நூலைக் கூர்ந்து படிப்போர் ஒன்றைக் காண்பர். எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள் என்று கூறும்போதெல்லாம், அதன் பின்னே ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: அந்நியனுக்கு நீதி செய், அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் அறுவடையில் பங்கு விடு, வேலையாளுக்கு ஓய்வு கொடு. விடுதலையின் நினைவு பெருமைக்காகத் தரப்படவில்லை, பொறுப்புக்காகத் தரப்பட்டது. இதுவே நம் அளவுகோல்.

திருப்பலியில் நாம் கொண்டாடும் நினைவும் அவ்வாறே. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவைத்தான் திருச்சபை நாள்தோறும் நினைவுகூர்கிறது. உயிர்ப்பின் மகிமையைக் கொண்டாடும்போதும் ஆணிகளின் தழும்பை அது மறைப்பதில்லை. நம் மண்ணின் புனிதரைப் பாருங்கள். 1752 ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த தேவசகாயம், அன்றைய உலகின் கணக்கில் தோற்றவர். 2022 மே 15ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் வெற்றி முழக்கமிட்டோம். முழங்கியது தவறன்று. ஆனால் சாதி வேற்றுமை பாராமல் எல்லோரோடும் பழகியதற்காக அவர் வெறுக்கப்பட்டதையும் சேர்த்து நினைத்தாலன்றி, அம்முழக்கம் வெறும் ஓசையாகிவிடும்.

இந்த அளவுகோலைக் கால்பந்து நினைவுரைக்குப் பொருத்துவது மிகையாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், விளையாட்டு மனிதரின் உளச் சமநிலைக்கும் பல்வேறு மக்களிடையே உடன்பிறப்புறவுக்கும் துணைசெய்வதாகக் குறிப்பிடுகிறது. நம் கடற்கரை ஊர்களிலோ, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே கைகலப்பாக முடிந்த ஆட்டங்களும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. பழைய வெற்றியைச் சொல்லும் வாய் பழைய பகையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்குமானால், அந்நினைவு பிள்ளைகளின் கையில் கல்லைக் கொடுப்பதாகும். அதே வெற்றியை, எதிரூர் ஆட்டக்காரரின் பெயரையும் மதிப்போடு சேர்த்துச் சொன்னால், அடுத்த ஆண்டு அவ்வூரார் நம் விருந்தினராவர். கதை ஒன்றுதான், சொல்லும் முறையே அதனை நஞ்சாகவோ மருந்தாகவோ ஆக்குகிறது.

எனவே நம் நினைவுரையாளர்களிடம் நாம் வேண்டுவன சில. வென்ற கதையோடு அதற்கு முன் தோற்றவர்களின் பெயரையும் சொல்லுங்கள். கோல் அடித்தவரோடு, அவருக்கு முதல் பூட்ஸ் வாங்க மீன் விற்ற காசைக் கொடுத்த தாயையும் சொல்லுங்கள். முழங்கால் உடைந்து வீடு திரும்பியவரைச் சொல்லாமல் விடாதீர்கள். பெண் பிள்ளைகளின் வெற்றியையும் அதே குரலில், அதே உணர்ச்சியோடு சொல்லுங்கள். பங்குப் பேரவைகளுக்கும் ஒரு சொல்: கடல் ஆண்டுதோறும் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது; பிள்ளைகள் ஆடும் மணற்பரப்பு சுருங்கிக்கொண்டிருக்கிறது. திருவிழாவின் வாணவேடிக்கைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஊர் மைதானத்துக்கும் காயமுற்ற ஆட்டக்காரரின் மருத்துவத்துக்கும் ஒதுக்குவதே அந்த வெற்றியை உண்மையாக நினைவுகூர்வதாகும்.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது பந்தயத் திடலைத்தான் உவமையாக எடுத்தார். அங்கே வெல்பவர் பெறுவது வாடிப்போகும் முடி என்றார். 1911இன் கேடயமும் 2019இன் பட்டமும் அத்தகையனவே. ஆயினும் அவை வாடிய பின்னும் நம்மிடம் எஞ்சுவது ஒன்றுண்டு: வெறுங்காலுடன் நிற்பவனைக் கண்டதும், இவன் நம்மவன் என்று அறிந்துகொள்ளும் கண். அந்தக் கண்ணைத் தராத நினைவுரை எத்துணைச் சுவையுடையதாயினும் குறையுடையதே. அதனைத் தருவதாயின், வலை நிழலில் சொல்லப்படும் அந்தக் கதை நம் இலக்கியத்தின் நல்ல பக்கங்களுள் ஒன்றாக வைத்தெண்ணத் தக்கது.